இலவச ஆட்டமும் மர்மப் பெட்டியும்

ஐயம்பேட்டையில் தறியின் ஓசை அடங்கிய பின், வாலிபர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு சினிமாவில் தொடங்கி வீடியோ கேமில் வந்து முடிகிறது. பப்ஜி பெரிதா, ஃப்ரீ ஃபயர் பெரிதா என்று வழக்காடுகிறார்கள். எந்த ஆட்டம் கடினம், துப்பாக்கிக்குப் பூசும் ஒரு 'ஸ்கின்' எத்தனை ரூபாய் என்று கணக்குப் போடுகிறார்கள். 'உருப்படாத பேச்சு' என்கிறார்கள் பெரியவர்கள். அப்படித் தள்ளிவிடலாகாது. அந்தப் பேச்சில் பெரியதொரு வியாபாரத்தின் சூட்சுமம் அடங்கியிருக்கிறது.

காசு போட்ட காலம்

1978-இல் ஜப்பானின் டைட்டோ கம்பெனி 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற ஆட்ட இயந்திரத்தை வெளியிட்டது. காசு போட்டால் ஆட்டம். தோற்றால் மறுபடியும் காசு. எதிரிகள் குறையக் குறைய, மிஞ்சியவர்களின் வேகம் கூடும். ஆட்டம் சீக்கிரம் முடிந்தால்தானே கடைக்காரருக்கு லாபம்! ஆயினும் அதில் ஒரு நியாயம் இருந்தது. கைத்திறன் உள்ளவன் ஒரே காசில் நெடுநேரம் ஆடினான். பின்னர் 'சூப்பர் மரியோ' போன்ற வீட்டு ஆட்டங்கள் வந்தன. கேசட்டை ஒரு முறை வாங்கினால் போதும்.

இன்றைய கைப்பேசி ஆட்டமோ இலவசமாகவே வருகிறது. 2012-இல் வந்த 'கேண்டி கிரஷ் சாகா' ஐந்து 'உயிர்' தருகிறது. அவை தீர்ந்தால், ஓர் உயிருக்கு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பொறுமையில்லாதவர் பணம் கொடுக்கலாம். முட்டுக்கட்டை போடுகிறவரே, அதைத் தாண்டும் ஏணியையும் விற்கிறார்!

நம் நெசவாளர் ஒருவர், 'சேலை இலவசம். கரைக்குத் தனிக் காசு, முந்தானைக்குத் தனிக் காசு. என்ன நிறம் வரும் என்பது உங்கள் அதிர்ஷ்டம்' என்று சொன்னால் ஒப்புவோமா? ஆட்டங்களில் மர்மப் பெட்டி இப்படித்தான் விற்கப்படுகிறது.

ரசிகர்களின் வெற்றி

மேல்நாட்டு ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. 2017-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனியின் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2' வந்தது. முழு விலை கொடுத்தவரும் டார்த் வேடர் என்ற பாத்திரத்தைப் பெறச் சுமார் 40 மணி நேரம் ஆட வேண்டும் என்று ரசிகர்கள் கணக்கிட்டனர். எதிர்ப்புப் புயல் கிளம்பியது. வெளியீட்டுக்கு முந்திய நாள், ஆட்டத்துக்குள் பணம் வாங்கும் ஏற்பாட்டைக் கம்பெனி நிறுத்தி வைத்தது. அடுத்த ஆண்டே பெல்ஜிய நாட்டின் சூதாட்டக் கண்காணிப்புக் குழு, காசுக்கு விற்கும் இத்தகைய பெட்டிகள் சூதாட்டமே என்றது.

கடினமே குற்றம் என்று எண்ண வேண்டாம். 2022-இல் ஜப்பானிலிருந்து வந்த 'எல்டன் ரிங்' மகா கடினமான ஆட்டம். ஏறக்குறைய ஓராண்டில் 2 கோடி பிரதிகள் விற்றன. அங்கே காசு கொடுத்துத் தப்ப வழியில்லை. கோடீஸ்வரனும் கூலிக்காரனும் அதே பூதத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். நம் திண்ணை ஆடுபுலி ஆட்டமும் அப்படித்தானே?

நம் நாட்டில் என்ன?

2020-இல் பப்ஜியும் 2022-இல் ஃப்ரீ ஃபயரும் தடை செய்யப்பட்டன. சொல்லப்பட்ட காரணம் நாட்டின் பாதுகாப்பு. பெட்டி வியாபாரம் அன்று. 2021-இல் பப்ஜி 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற புதுப் பெயரில் வந்தபோது, 18 வயதுக்குக் குறைந்தவர்கள் நாளொன்றுக்கு 7,000 ரூபாய் வரை செலவிடலாம் என்று வரம்பு கட்டினார்கள். ஒரு நாளைக்கு ஏழாயிரம்! தறிக் குடும்பத்துக்கு அது எத்தனை நாள் உழைப்பு?

2025 ஆகஸ்டில், பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய ஆட்டங்களுக்கு நாடாளுமன்றம் தடை விதித்தது. வரவேற்கத் தக்கதே. பணம் போய், பொம்மைத் துப்பாக்கி மட்டுமே வரும் பெட்டிக்கும் தெளிவான தனி விதி வேண்டாமா? எந்தப் பொருள் எத்தனை பெட்டியில் ஒன்றில் கிடைக்கும் என்பதைத் தமிழில் அச்சிட வேண்டும். சிறுவருக்கு அப்பெட்டியை விற்கவே கூடாது.

பெற்றோரும் கைப்பேசியைப் பிடுங்குவதற்கு முன், 'இந்த ஆட்டம் எங்கே காசு கேட்கிறது?' என்று பிள்ளையையே கேட்கட்டும். பிள்ளைக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டின் பல்லை அவசியம் பார்த்தாக வேண்டும்!