உப்பு நீருக்கு என்ன விலை?

ஊசி போடாமல் அனுப்புகிற டாக்டரை நம்மவர்கள் டாக்டராகவே மதிப்பதில்லை. "நாலு வார்த்தை சொல்லிவிட்டு ஃபீஸ் வாங்கிக்கொண்டாரே!" என்று தெரு முழுவதும் புலம்புவார்கள். நம்முடைய இந்தப் பலவீனத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மற்றவர்களைக் கோபித்துக்கொள்ள வேண்டும்.

என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். முழங்காலில் ஜவ்வு கிழிந்திருக்கிறதென்று சிறு துளை போட்டு ஆபரேஷன் செய்தார்கள். ஆறு மாதம் ஒளிந்திருந்த வலி, மூட்டுத் தேய்மானம் என்ற புதுப் பெயரோடு திரும்பி வந்தது. "அதற்கும் ஊசி இருக்கிறது ஸார்!" என்றார்கள் அதே ஆஸ்பத்திரியில். முதலில் ஸ்டிராய்டு. பிறகு 'ஜெல்'. கடைசியில் அவருடைய ரத்தத்தையே எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, அவருக்கே திரும்பப் போட்டார்கள். ஒருவருடைய ரத்தத்தை அவருக்கே விலைக்கு விற்கும் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது! அம்மாளின் இரட்டை வடச் சங்கிலி போயிற்று. வலி போகவில்லை.

நான் வைத்தியனல்ல, கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் கதை கட்டுகிறவனுக்கு, பிறர் கட்டுகிற கதை சட்டென்று தெரிந்துவிடும்.

ஸ்டிராய்டு, வீங்கிச் சூடேறிய மூட்டுக்குச் சில வாரம் நிம்மதி தரும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2017-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், 140 பேரில் பாதிப் பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இரண்டு வருஷம் அதைப் போட்டார்கள். மற்றவர்களுக்கு வெறும் உப்பு நீர். வலியில் வித்தியாசமில்லை, மருந்து போட்டுக்கொண்டவர்களுக்குத்தான் குருத்தெலும்பு அதிகம் தேய்ந்திருந்தது!

'ஜெல்' என்பது சேவலின் கொண்டையிலிருந்தும் எடுக்கப்படுகிற சரக்கு. அதை வழக்கமாகப் போட வேண்டாமென்று அமெரிக்க எலும்பு வைத்தியர்களின் சங்கமே 2021-ல் சொல்லிவிட்டது. ரத்த ஊசியை ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் சோதித்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், அதுவும் உப்பு நீரை மிஞ்சவில்லை. உப்பு நீரை மிஞ்சாத சரக்குக்கு ஆயிரக்கணக்கில் பில்!

"நோயாளிக்கு நம்பிக்கை வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும், ஐயா! ஆனால் அந்த நம்பிக்கையை அடகுக் கடையில் வைத்துத்தான் வாங்க வேண்டுமா?

விற்க முடியாத வைத்தியம் ஒன்று இருக்கிறது. 2020-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில் 156 பேரில் ஒரு பாதிக்கு ஸ்டிராய்டு ஊசி. மறு பாதிக்குப் பயிற்சிகளும் சேர்ந்த பிசியோதெரபி. வருஷக் கடைசியில் ஜெயித்தது பிசியோதெரபிதான். தொடைத் தசையை வலுப்படுத்தினால் பலருக்கு முழங்கால் வலி குறைகிறது. இதில் பெட்டி இல்லை, புட்டி இல்லை, கமிஷன் இல்லை. ஆகவே சொல்லவும் ஆளில்லை.

நண்பர் இப்போது காலையும் மாலையும் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டித் தூக்குகிறார். வலி அடியோடு போய்விட்டதென்று சொன்னால் நானும் கதை விட்டவனாவேன். கோயில் வரை நடந்து போய் வருகிறார்.

அடுத்த முறை யாராவது ஊசியை எடுத்தால், "உப்பு நீரைவிட இது எவ்வளவு உசத்தி, டாக்டர்?" என்று கேளுங்கள். "ஊசி வேண்டாம், பயிற்சி செய்யுங்கள்" என்று ஒருவர் சொன்னால், முகம் சுளிக்காமல் அவருக்கு ஃபீஸ் கொடுங்கள். அந்த ஒரு வார்த்தைக்கு விலை கொடுக்க நாம் கற்றுக்கொள்ளாத வரையில், உப்பு நீருக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருப்போம்.