பாட்டன் முறியும் படிக்கவியலாப் பேரனும்



காந்திபுரத்தில் தொழில் நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர், தம் கொடிவழியை எழுத விரும்பிப் பாட்டனாரின் தந்தையார் காடு வாங்கிய முறியைக் கொணர்ந்தார். எழுத்து தமிழே. ஆயினும் பட்டம் பெற்ற அவரால் இரண்டு வரி படிக்க இயலவில்லை. ஆண்டைக் குறிக்கும் ௵ அவருக்குப் புதிராயிருந்தது. தமிழெண்களை எழுத்துகளென மயங்கினார். பசலி 1297-ஐ 590 கூட்டி, 1887 சூலையில் தொடங்கும் ஆண்டென யானே சொல்ல நேர்ந்தது. குற்றம் அவரதன்று, தமிழெண் கற்பியாக் கல்வியது. முப்பதாண்டு தமிழ் கற்பித்த எனக்கும் அதிற் பங்குண்டு.

அம்முறியின் சொற்களைப் பாருங்கள்! கிரயமும் சுவாதீனமும் வடசொல். பசலியும் வாரிசும் அரபு. பிற முறிகளில் வரும் உயிலோ ஆங்கிலத்தின் திரிபு. ஆனால் எல்லை சொல்லுமிடத்தில் கிணறு, வேலி, பள்ளம், இட்டேரி! உழவன் வாய்மொழி தமிழாகவே நின்றது. எழுத்தர் மைதான் அயன்மொழியாயிற்று.

சட்டத்திற்குத் தமிழ் போதாதென்பார் சோழர் கல்வெட்டுகளில் விலையாவணம், ஆவணக்களரி என்னும் சொற்களைக் காண்க. பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் அவை, பாட்டன் ஓலையை அவனது மற்றொரு கையெழுத்தோடு ஒப்பிட்டன்றோ வழக்குத் தீர்த்தது? ஆட்சி, ஆவணம், காட்சி என மூவகைச் சான்றும் அங்கே பேசப்படுகின்றன. அத்தகு மொழியா வறியது?

1864ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் 1865-இல் நடைமுறைக்கு வந்தது. பதிந்த விலையாவணங்களின் படியைச் சார்பதிவகத்தில் கட்டணஞ் செலுத்திக் கேட்கலாம். காந்திபுரம் என்று தேடாதீர், அப்பெயர் பிற்காலத்தது. பழைய ஊர்ப்பெயரும் முன்னோர் பெயரும் கொண்டு தேடுக. இறுதி விருப்ப ஆவணத்தைப் பதிதல் கட்டாயமன்று. ஆதலின் வீட்டுப் பெட்டியையும் துழாவுக.

ஆனால் குலப்பெருமை பேசுதற்காகத் தேடாதீர்! அம்முறியில் வாங்கியவன் பெயருண்டு, விற்றவன் பெயருண்டு. அக்காட்டை உழுத பண்ணையாளின் பெயர் இல்லை. நிலமற்றவனுக்கு முறியில்லை, முறியில்லாததால் அவனுக்கு முன்னோரும் இல்லாமற் போயினரா? அவர்தம் கொடிவழியை முதியோர் வாய்மொழி கேட்டேனும் எழுதுதல் நம் கடன்.

பிள்ளைகட்குத் தமிழெண் கற்பியுங்கள். இனி எழுதும் முறியில் 'விலையாவணம்' என்றும் 'மரபுரிமையர்' என்றும் எழுதச் சொல்லுங்கள். எழுத்தர் மறுப்பாராயின் பணங்கொடுப்பவர் நீங்களே என்பதை நினைவூட்டுங்கள். நம் பேரன், நம் முறியைப் படிக்க இன்னொருவர் வாயிலில் நிற்றல் வேண்டா!