பேய் அடிச்சுச் செத்தானாம்

மதுரையில் பேய் உலவும் இடங்கள் எவையெவை என்று இப்போது பட்டியல் போட்டுச் சொல்கிறார்கள். பழைய கட்டடம், இருட்டு, சலங்கைச் சத்தம், வெள்ளைச் சேலை. திருமலை நாயக்கர் மகாலையும் விட்டுவைப்பதில்லை. ராசா இன்னும் அலைகிறாராம். அலையட்டும். அலைவதற்கு அவருக்கு அத்தனை பெரிய தூண்கள் இருக்கின்றன. எனக்குள்ள கேள்வி வேறு. இந்தப் பட்டியல்களில் அரண்மனையும் கோட்டையும் துரைமார் பங்களாவும் மட்டுமே வருவதென்ன? செத்துப் பேயாவதற்கும் சொந்தக் கட்டடம் வேண்டும் போலிருக்கிறது.

நான் சோழவந்தான் பக்கத்துக்காரன். பேரணையிலிருந்து பிரிந்து வரும் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளைகிற மண். நெல், தென்னை, வெற்றிலைக் கொடிக்கால். விடியக்கருக்கலில் வெத்தலை கிள்ளப் போறதும் நடுச்சாமத்தில் மடை திருப்பப் போறதும் எங்க சனம். நிலம் வேற ஆளுக்கு. ஆகவே பேயைப் பார்க்கிற வேலையும் எங்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. மெத்தை வீட்டில் படுத்துக் கிடந்தவன் எந்தக் காலத்தில் பேயைப் பார்த்தான்?

எங்க அம்மாயி ஒரு கதை சொல்லும். "வாய்க்கா மேட்டுல ஒருத்தன் செத்துக் கெடந்தான். ராத்திரி மடை பாக்கப் போனவன். பேய் அடிச்சிருச்சுன்னு சொல்லிப்புட்டாக, அம்புட்டுத்தான். பேய்க்கு எதுக்குடா அருவா?" இதைச் சொல்லிவிட்டு வெத்தலையை இடிக்க ஆரம்பித்துவிடும். செத்தவனுக்கு அதற்கு முந்தின வாரம் களத்தில் கூலி கேட்டுத் தகராறு. அந்த விவரத்தைக் கதையின் நடுவில், சும்மா வந்து விழுந்த மாதிரி சொல்லும்.

'பேய் அடிச்சிருச்சு' என்ற சொல்லின் வேலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். போலீஸ் ஸ்டேஷன் வேண்டாம், பிரேதப் பரிசோதனை வேண்டாம், சாட்சி வேண்டாம். பாம்பு கடித்தாலும் பேய், குளிரில் விறைத்தாலும் பேய், வெட்டிப் போட்டாலும் பேய். நிலக்காரன் கையைக் கழுவிக்கொள்ள இதைவிட நல்ல தண்ணீர் வைகையில் ஓடியதில்லை.

ஆனால் இன்னொரு வகைப் பேய்க்கதை உண்டு. அது நாங்கள் சொல்வது. அதில் பேய்க்குப் பெயர் உண்டு, சாதி உண்டு, யாரால் செத்தான் என்பதும் உண்டு. மதுரை வீரன் கதை அப்படிப்பட்டது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கருக்காகத் திருடர்களை அடக்க வந்தவன், சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன். வெள்ளையம்மாளோடு சேர்ந்ததற்காக மாறுகால் மாறுகை வாங்கப்பட்டான் என்கிறது கதைப்பாடல். பிறகு கதை ஒரு முடிச்சுப் போடுகிறது. மீனாட்சி அருளால் கையும் காலும் முளைத்ததாம். அவனே வேண்டாமென்று தன் தலையை அறுத்துக்கொண்டானாம். கொலையை எவ்வளவு நேர்த்தியாகத் தற்கொலை ஆக்கிவிட்டார்கள் பாருங்கள்! அது போதாதென்று அவன் பிறப்பிலேயே ராசா வீட்டுப் பிள்ளை, காட்டில் விடப்பட்டவன் என்றும் ஒட்டுப்போட்டார்கள். 1956இல் வந்த எம்.ஜி.ஆர். படமும் அந்த ஒட்டைத்தான் பிடித்துக்கொண்டது. சக்கிலியர் பிள்ளைக்கு வீரம் வராது, ராச ரத்தம் ஓடினால்தான் வரும். அதுதானே சொல்லவருவது?

செத்தவன் சும்மா இருக்கவில்லை. ஊரை ஆட்டிவைத்தான். அதற்கு அஞ்சித்தான் மீனாட்சி கோயில் கிழக்கு வாசலில் இடம் கொடுத்தார்கள் என்று அதே கதை ஒப்புக்கொள்கிறது. இதைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். உயிரோடு இருந்தபோது அஞ்சாத அரண்மனை அவன் பேய்க்கு அஞ்சியது. அஞ்சியும் என்ன கொடுத்தார்கள்? வாசல். உள்ளே இல்லை. அவன் காவல் நின்ற கோயிலுக்குள் அவன் சனம் நுழைய 1939 ஜூலை 8 வரவேண்டியிருந்தது. வைத்தியநாதய்யர் அழைத்துப்போன நாள் என்று அதைக் கொண்டாடுகிறார்கள். அன்றைக்குக் கக்கனோடு உள்ளே போனவர்களுக்கு வாசலில் ஏற்கனவே ஒரு சொந்தக்காரன் நின்றுகொண்டிருந்தான் என்பதை ஏன் யாரும் எழுதுவதில்லை?

திருமலை நாயக்கரைக்கூடப் பட்டர்கள் புதையல் காட்டுவதாகச் சொல்லிச் சுரங்கத்துக்குள் இறக்கிக் கல்லைப் போட்டு மூடிவிட்டார்கள் என்று மதுரையில் ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, யாரும் அவருக்குப் பொங்கல் வைத்துக் கும்பிடவில்லை. அவசியமில்லை. அவர் பேரில் மகால் இருக்கிறது, சிலை இருக்கிறது, பாடப் புத்தகம் இருக்கிறது. இது எதுவும் இல்லாதவனைத்தான் சனம் சாமியாக நட்டுவைத்தது, ஒரு கல்லாகவாவது.

பகுத்தறிவுத் தோழர்களோடு இங்கேதான் எனக்குச் சண்டை. பேய் இல்லை என்கிறீர்கள். சரி, இல்லை. நானும் பார்த்ததில்லை. ஆனால் பேயைத் துரத்தும்போது அந்தப் பேயைக் கொன்றவனைப் பற்றிய பேச்சையும் சேர்த்துத் துரத்திவிடுகிறீர்கள். நிலக்காரன் சொல்லும் பேயையும் எங்க கெழவி சொல்லும் பேயையும் ஒரே குப்பையில் கொட்டுகிறீர்கள். முன்னது பிணத்தை மறைக்கிறது; பின்னது எதிரியைக் காட்டிக்கொடுக்கிறது. பாமா 1994இல் எழுதிய 'சங்கதி'யைப் படியுங்கள். பேய் நம்ம பொம்பளைகளைத் தேடிப்பிடித்துப் பிடிப்பதேன் என்ற கேள்வி அதில் இருக்கிறது. பகலெல்லாம் காட்டிலும் வீட்டிலும் அடிபட்டவள் பேயாடும்போதுதான் வாய்க்கு வந்ததைப் பேசுகிறாள். உடுக்கடிப்பவன் அதற்குள் பேச்சை நிறுத்தப் பார்க்கிறான்.

மேலூருக்கு அந்தப் பக்கம் மேலவளவு இருக்கிறது. 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் பட்டப்பகலில் பேருந்தை மறித்து வெட்டினார்கள். முருகேசன் தலையை அறுத்துக் கிணற்றில் போட்டார்கள். 100 வருசத்துக்கு முன்னால் நடந்திருந்தால் அந்தக் கிணற்றில் ஒரு முண்டம் தலையைத் தேடி அலைவதாகக் கதை கட்டி, வரலாற்றுச் சின்னமாக்கி, ஆள் கூட்டிப்போய்க் காட்டியிருப்பார்கள். நடக்கவில்லை. செத்தவர்களின் சொந்தங்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 17 பேருக்கு விதித்த ஆயுள் தண்டனையை 2009இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் அரசு முன்கூட்டியே வெளியில் விட்டது. வெட்டுப்பட்டவர்களின் வீட்டார் அதே வட்டாரத்தில்தான் பேருந்து ஏறி இறங்குகிறார்கள்.

பேய் உலவும் இடங்களுக்குப் பட்டியல் போடுகிறவர்கள் அந்தப் பேருந்தில் ஒருநாள் ஏறிப் பார்க்கட்டும்.