வாடகை மிச்சம்னு திருத்தணி வந்தோம்... கணக்குல ஒரு சம்பளத்தைக் காணோம்!

சென்னையை விட்டுச் சின்ன ஊருக்குப் போனா மாசம் எவ்வளவு மிச்சமாகும்னு போன வருஷம் நம்ம சேனல்ல ஒரு வீடியோ போட்டிருந்தேன். நாங்க ரெண்டு பேரும் அம்பத்தூர்ல இருந்து என் சொந்த ஊரான திருத்தணிக்குக் குடிவந்த நேரம் அது. எடிட் பண்ணும்போது பின்னால நின்னு பார்த்த என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "எல்லாம் சரிங்க, இந்தக் கணக்குல என் சம்பளம் எங்க?"

நான் பதில் சொல்லாம வீடியோவை அப்படியே போட்டுட்டேன். அன்னைக்குச் சொல்லாத பதில்தான் இந்தப் பதிவு.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். இங்க வாழ்க்கை நிஜமாவே நல்லா இருக்கு. காலையில மலைக்கோவில் படி 365-ஐயும் ஏறி இறங்கினா ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டாம். அப்பா அம்மா பக்கத்துத் தெருவுல இருக்காங்க. 1960-லதான் இந்த ஊர் ஆந்திராவுல இருந்து நம்ம பக்கம் வந்தது. அதனால காய்கறிக் கடையில இன்னைக்கும் தமிழ், தெலுங்கு ரெண்டுலயும் பேரம் நடக்கும். கொசுறு கொத்தமல்லிக்கு மட்டும் மொழி தேவையில்லை!

இப்போ கணக்கு. எங்க வீட்டு நோட்டுல இருக்கறது இதுதான்:

• வாடகை: அம்பத்தூர்ல 17,000, இங்க 7,000. மிச்சம் 10,000.
• தண்ணி, மெயின்டனன்ஸ்: மிச்சம் 1,500.
• ஹோட்டல், ஆப்ல ஆர்டர் பண்ற சாப்பாடு: மிச்சம் 4,500.
• விருந்தாளி, மொய்: கூடுதல் செலவு 3,000. கிருத்திகைக்கு முருகனைப் பார்க்க வர்ற சொந்தக்காரங்களுக்கெல்லாம் சாப்பாடு நம்ம வீட்டுலதான். ஆடிக் கிருத்திகை மாசம் இதுவும் பத்தாது.

ஆக, மாசம் 13,000 மிச்சம். வீடியோல இந்த நம்பரைத்தான் பெருமையா சொன்னேன்.

சொல்லாம விட்டது இது. என் ஆபீஸ் அம்பத்தூர் எஸ்டேட்ல. வாரத்துல ரெண்டு நாள் போனா போதும். திருத்தணி லோக்கல் வண்டி அந்த வழியாத்தான் போகுது, சீசன் டிக்கெட் எடுத்துட்டா முடிஞ்சுது. மனைவி வேலை பார்த்தது சோழிங்கநல்லூர்ல, வாரம் அஞ்சு நாளும் ஆபீஸ். இங்க இருந்து வண்டி மாறி மாறிப் போனா ஒரு வழிக்கே மூணு மணி நேரத்துக்கு மேல. ஒரு மாசம் போய்ப் பார்த்தாங்க, அப்புறம் ராஜினாமா.

கையில வந்துட்டிருந்த சம்பளம் 31,000. இப்போ வீட்டுல இருந்தே பகுதி நேரமா கணக்கு எழுதிக் கொடுக்கறதுல 9,000 வருது. இழப்பு 22,000. மிச்சம் பண்ண 13,000-ஐக் கழிச்சாலும் மாசம் 9,000 துண்டு விழுது. பிஎஃப்ல அவங்க பங்கு 1,800, கம்பெனி பங்கு 1,800 சேர்ந்துட்டிருந்தது, அதுவும் நின்னுபோச்சு. மொத்தம் 12,600. வருஷத்துக்கு 1,51,200 ரூபாய்!

இதோட முடியல. கிராஜுவிட்டி கிடைக்க அஞ்சு வருஷம் சர்வீஸ் வேணும். அவங்க 3 வருஷம் 8 மாசத்துல விட்டுட்டாங்க. ஆபீஸ் மருத்துவக் காப்பீடும் போச்சு. அடுத்த வேலை தேடும்போது "நடுவுல ஏன் கேப்?"னு கேட்கப்போறதும் அவங்களைத்தான்.

"நிம்மதிக்கு விலை உண்டா?"னு கேட்பீங்க. உண்டு. எங்க வீட்டுல மாசம் 12,600. அது தப்பான விலைன்னு நான் சொல்லல. அப்பா அம்மா பக்கத்துல இருக்கறதுக்கு இதைவிட அதிகமாவும் கொடுக்கலாம். ஆனா விலை என்னன்னு தெரிஞ்சு கொடுக்கணும், யார் கொடுக்கறாங்கன்னும் தெரியணும். என் வேலைக்குத் தோதா இருந்த ஊரைத் தேர்ந்தெடுத்துட்டு, அதை "நாம எடுத்த முடிவு"ன்னு சொன்னேன். நிம்மதி ரெண்டு பேருக்கும் வந்தது, பில் ஒருத்தர் பேர்ல போச்சு. பல வீடுகள்ல இதுதான் நடக்குதுன்னு நினைக்கிறேன்.

அதனால என் கருத்து இதுதான்: ஊர் மாறும் கணக்கை வாடகையில ஆரம்பிக்காதீங்க. ரெண்டு சம்பளத்தையும் முதல் வரியில எழுதுங்க. ரெண்டு பேர் வேலையும் அந்த ஊர்ல இருந்து தொடருமான்னு பாருங்க. வீட்டைக் காலி பண்றதுக்கு முன்னாடி ஒரு மாசம் அங்க தங்கி, ஆபீஸ் போய் வந்து பாருங்க. நாங்க இதைத் தலைகீழா செஞ்சோம்.

இன்னும் மூணு விஷயம்:

1. பழைய வரி முறையில இருந்தா, எச்ஆர்ஏ விலக்குக்கான உச்சவரம்பு சென்னையில சம்பளத்துல 50%, திருத்தணி மாதிரி ஊர்ல 40%. புது முறையில இந்த விலக்கே கிடையாது.

2. சில மருத்துவக் காப்பீட்டு பாலிசிகள்ல ஊரைப் பொறுத்து பிரீமியம் மாறும். சின்ன ஊர் பிரீமியம் கட்டிட்டுச் சென்னையில அட்மிட் ஆனா, பில்லுல ஒரு பங்கை நீங்களே கட்ட வேண்டி வரலாம். கையெழுத்துக்கு முன்னாடி கேளுங்க.

3. வந்தவுடனே "சென்னைக்கு மிக அருகில்" மனை வாங்காதீங்க. ஒரு வருஷம் வாடகையில இருந்து பாருங்க.

நாங்க இப்போ என்ன பண்றோம்? என் சம்பளத்துல இருந்து மாசம் 3,600 அவங்க பேர்ல இருக்கற பிபிஎஃப் கணக்குக்குப் போகுது. நின்னுபோன பிஎஃப்க்கு ஈடு. திருவள்ளூர், அம்பத்தூர் பக்கம் அவங்க வேலை தேடிட்டிருக்காங்க. கிடைச்சா காலை வண்டியில ரெண்டு சீசன் டிக்கெட்.

இந்தப் பதிவைப் போடறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட படிக்கக் கொடுத்தேன். "இப்போ கணக்கு சரியா இருக்கு"ன்னாங்க.

உங்க வீட்டுக் கணக்குல ரெண்டு சம்பளமும் இருக்கா? கமென்ட்ல சொல்லுங்க.