இடுப்பு வலிக்கு மார்க் போடுகிறோமாம்!

மக்களே, இந்தப் பதிவு கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். முக்கியமாக பிசியோதெரபி படிக்கும் நண்பர்கள் கோபப்படாமல் கடைசி வரை படியுங்கள்.

2020 கணக்குப்படி உலகத்தில் சுமார் 62 கோடிப் பேருக்கு இடுப்பு வலி. ஸ்கேனில் தெரிவதற்கும் ஆள் படும் பாட்டுக்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது. அதனால்தான் அன்றாட வாழ்க்கை எவ்வளவு முடங்கியிருக்கிறது என்பதைக் கேள்வித்தாள் வைத்து அளக்கிறோம். இரண்டு தாள்கள் பிரபலம், இரண்டுமே இங்கிலாந்து சரக்கு. 1980இல் வந்தது ஆஸ்வெஸ்ட்ரி. பத்துத் தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மார்க், கடைசியில் சதவீதம். 1983இல் வந்தது ரோலண்ட்-மோரிஸ். 24 வாக்கியங்கள், 'ஆமாம்' என்றால் ஒரு மார்க். மார்க் ஏற ஏற முடக்கம் அதிகம் என்று அர்த்தம்.

தாள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை அப்படியே தூக்கிக்கொண்டு அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் போய், வந்த மார்க்கை வேதவாக்காக நம்புகிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

ரோலண்ட்-மோரிஸ் கேட்பதில் சில: வலியால் வீட்டிலேயே கிடக்கிறீர்களா? அடிக்கடி படுத்துக்கொள்கிறீர்களா? வீட்டு வேலையை நிறுத்திவிட்டீர்களா? அடுத்தவரைச் செய்யச் சொல்கிறீர்களா? மாடி ஏறக் கைப்பிடி வேண்டுமா? ஈஸி சேரிலிருந்து எழ எதையாவது பிடிக்கிறீர்களா?

சீமைக்கருவேலம் வெட்டி, மூட்டம் போட்டுக் கரி அள்ளும் ஒரு அம்மாவிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். படுத்தால் கூலி போச்சு, அதனால் படுப்பதில்லை: 0. உதவிக்கு ஆள் இல்லை: 0. மாடியே இல்லை: 0. ஈஸி சேரா? 0. பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீர்க் குடம் சுமக்கிறார், வேலையை விடவில்லை: அதற்கும் 0. ஆக, 'பாதிப்பு குறைவு'! அதே வலியோடு ஒரு வாரம் லீவு போட்டுப் படுத்தவருக்கு மார்க் எகிறும். இந்தத் தாள் பாதி வலியை அளக்கிறது, மீதி ஓய்வெடுக்கும் வசதியை அளக்கிறது.

ஆஸ்வெஸ்ட்ரி மட்டும் யோக்கியமா? எவ்வளவு நேரம் நாற்காலியில் உட்கார முடியும் என்று கேட்கிறது. குழித்தறியில் காலை இறக்கி மிதி மிதித்து நாள் முழுக்க நெய்பவருக்கு நாற்காலிக் கணக்கு எதற்கு? குனிந்து களையெடுப்பது, குத்துக்காலிட்டு உட்காருவது, தரையில் சம்மணம் போட்டு எழுவது, எதற்கும் தனிக்கேள்வி கிடையாது. கேட்காத கஷ்டத்துக்கு மார்க்கும் கிடையாது.

"அதான் தமிழில் வந்துவிட்டதே" என்பீர்கள். உண்மை, ஆஸ்வெஸ்ட்ரியின் தமிழ் வடிவம் பற்றி 2014இல் ஆய்வுக் கட்டுரையே வந்தது. உழைத்தவர்களுக்கு மரியாதை. ஆனால் மொழியை மாற்றினால் கேள்வி நம் ஊர்க் கேள்வி ஆகிவிடாது.

"நாலு நாட்டோடு ஒப்பிடப் பொது அளவுகோல் வேண்டாமா?" வேண்டும். வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 1995இல் கனடாவில் ஸ்ட்ராட்ஃபோர்டும் கூட்டாளிகளும் இன்னொரு வழி சொன்னார்கள். எந்த வேலை முடியவில்லை என்று நோயாளியே மூன்று, நான்கு சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை அவரே மார்க் போடுவார். 0 என்றால் முடியவே முடியாது, 10 என்றால் பழையபடி முடிகிறது. ஆளுக்கு ஆள் ஒப்பிட இது உதவாதுதான். ஆனால் அந்த அம்மா தேறினாரா இல்லையா என்பதைத் தெளிவாகச் சொல்லும். செலவு? ஒரு பேனா, ஐந்து நிமிடம்.

மார்க் குறைந்தால் என்ன நஷ்டம் என்று நினைக்காதீர்கள். 'பெரிதாக ஒன்றுமில்லை' என்று மாத்திரையோடு அனுப்புவதும், குறைந்தபட்ச மார்க் கேட்கும் ஆய்வுகளில் அவரைச் சேர்க்காமல் விடுவதும் அந்த எண்ணை வைத்துத்தான்.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை தாளை நீட்டும் முன், "என்ன வேலை செய்ய முடியலம்மா?" என்று முதலில் கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொண்டு, அப்புறம் உங்கள் 24 கேள்விக்கு வாங்க.