கடலுக்குப் போகிறவரைக் கேட்டார்களா?

மூலக்கொத்தளத்திலிருந்து ராயபுரத்தைத் தாண்டிப் போனால் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். அங்கே படகேறும் மீனவர் இன்று வலையோடு செல்போனும் எடுத்துப் போகிறார். காற்று, அலை, மீன் கிடைக்கும் இடம் பற்றிய சேதி அதில் வருகிறது.

சேதியைத் தயாரிப்பது ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையம். அங்கே செயற்கைக்கோள் படமும் கணக்கும் உண்டு. மீனவரிடம் என்ன உண்டு? வாடை, கொண்டல், கச்சான் என்று ஒவ்வொரு காற்றையும் பெயர் சொல்லி அறிவார். தண்ணீரின் நிறம் மாறினால் காரணம் தேடுவார். இவரும் படித்தவர்தான். பள்ளிக்கூடம்தான் வேறு.

இந்த இரண்டு படிப்பும் புதுச்சேரியில் சந்தித்தன. 1998-ம் ஆண்டு எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே கிராமங்களில் கம்ப்யூட்டர் மையங்களைத் தொடங்கியது. ஊராருக்கு என்ன தெரிய வேண்டும் என்று முதலில் விசாரித்தார்கள். வீராம்பட்டினம் மீனவருக்கு வேண்டியது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் கணிப்பை இண்டர்நெட்டில் எடுத்து, தமிழில், ஒலிபெருக்கியில் படித்தார்கள். கரையில் வலை பிரிப்பவர் காதில் விழ வேண்டும் அல்லவா? கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார அவருக்கு ஏது நேரம்!

அருகில் உள்ள நல்லவாடு கிராமத்திலும் அப்படி ஒரு ஒலிபெருக்கி இருந்தது. 2004 டிசம்பர் 26-ந்தேதி, சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமிச் சேதியை டெலிபோனில் சொன்னார். ஒலிபெருக்கி அலறியது. ஜனங்கள் ஓடித் தப்பினார்கள்.

அட்டைப் பெட்டி

ஸ்வீடனில் இன்னும் வேடிக்கை. 1981-ல் பத்திரிகை அச்சகத் தொழிலாளரும் கம்ப்யூட்டர் நிபுணரும் கூடி, பக்கம் அமைக்கும் யந்திரத்தைத் திட்டமிடத் தொடங்கினார்கள். யந்திரம் வருமுன்பே அட்டையாலும் பலகையாலும் பொம்மை யந்திரம் செய்தார்கள். தொழிலாளர் அதில் வேலை செய்து காட்டினர். சரிப்படாததை மாற்ற ஒரு கத்தரிக்கோல் போதும். நிபுணர் அச்சுத் தொழிலைக் கற்றார். தொழிலாளி கம்ப்யூட்டரைக் கற்றார்.

ஒரு வழிப் பாதை

2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்தது. ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டருக்கு அப்பால் செல்போன் வேலை செய்யாது. பல வீடுகளில் ஆண்கள் திரும்பவே இல்லை.

அதன் பிறகு, 2019-ல், 'ஜெமினி' என்ற கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை படகுக்கே வரும். நல்ல கருவிதான். ஆனால் அது பேசும், கேட்காது. படகு கவிழும் நிலையில் இருந்தாலும் அதன் மூலம் பதில் அனுப்ப முடியாது. ஆபத்தில் இருப்பவனுக்கு முதலில் தோன்றுவது கூப்பிடத்தானே? அதைக் கடலோரத்தில் எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள்.

இருபுறமும் சேதி அனுப்பும் கருவியை 1 லட்சம் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. அதில் எந்தச் சேதிகள், எந்தச் சொற்களில் இருக்க வேண்டும்? இருட்டில், ஈரக் கையால், ஆடும் படகில் எந்தப் பொத்தானை அழுத்த முடியும்? என்ஜினீயர்கள் காசிமேட்டில் ஒரு வாரம் படகேறிப் பார்க்கட்டும். மீனவரும் சும்மா இருக்கக்கூடாது. கணிப்பு தவறிய நாளில் எந்த இடம், எத்தனை மணி, என்ன காற்று என்று குறித்து ஐதராபாத்துக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.