காணாமல்போன ஃபைல்

2006 நவம்பரில் வெளியான 'கிரிக்கெட் 07' இன்னும் ஓய்வு பெறவில்லை. கம்ப்யூட்டருக்காக ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் வெளியிட்ட கடைசி கிரிக்கெட் விளையாட்டு அது. இங்கிலாந்து, ஆஸ்திரேலிய அணிகளுக்குத்தான் முழு உரிமம் இருந்தது. இந்திய வீரர்களின் பெயர்கள் திரிந்து கிடந்தன. 2008இல் பிறந்த ஐ.பி.எல். அதில் இருக்க வழியே இல்லை. ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. தாங்களே எடிட்டர் புரோகிராம்கள் எழுதிப் பெயர், ஆட்டத் திறன், சட்டை நிறம் என எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டார்கள். இந்த விளையாட்டின் ஆயுள் நீண்டதற்கு அதுவே காரணம்.

அந்த எடிட்டரைப் புதிய கம்ப்யூட்டரில் திறந்தால்தான் வம்பு. வீரர்கள் பட்டியலுக்குப் பதிலாக, 'எம்எஸ்காம்சிடிஎல்.ஓசிஎக்ஸ்' என்ற ஃபைல் இல்லை என்று ஒரு வரி எட்டிப்பார்க்கும். விளையாட்டே கெட்டுவிட்டதென நினைத்து, அதை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுபவர்கள் உண்டு. பலன் இராது. தொலைந்தது விளையாட்டின் ஃபைல் அல்ல.

இந்தப் பிழையைக் காட்டும் எடிட்டர்கள் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் 1998இல் வெளியிட்ட விஷுவல் பேசிக் 6இல் எழுதப்பட்டவை. திரையில் தெரியும் பட்டியலையும் பட்டன் வரிசையையும் அவை தாமே வரைவதில்லை. கம்ப்யூட்டரில் பொதுவாக இருக்கும் ஃபைலிடம் இரவல் வாங்குகின்றன. பழைய கம்ப்யூட்டரில் வேறு ஏதாவது சாஃப்ட்வேர் அந்த ஃபைலைக் கொண்டுவந்து வைத்திருக்கும். புதியதில் அது இல்லை. விண்டோஸும் தன்னோடு கொண்டுவருவதில்லை.

எனவே, ஃபைலைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். இங்கே பெயர் ஏமாற்றுகிறது. 64 பிட் விண்டோஸில் 'சிஸ்டம்32' என்ற ஃபோல்டர் 64 பிட் ஃபைல்களுக்கானது. பழைய 32 பிட் ஃபைல்கள் 'சிஸ்வாவ்64'க்குள் போக வேண்டும். பிறகு, நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, அதே ஃபோல்டரிலுள்ள 'ரெக்எஸ்விஆர்32' மூலம் ஃபைலைப் பதிவு செய்தால் எடிட்டர் திறக்கும்.

திறந்த பிறகும் விளையாட்டின் ஃபைல்களைக் காணோம் என்று எடிட்டர் சொன்னால், அது வேறு வியாதி. விளையாட்டு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதைச் சில எடிட்டர்கள் விண்டோஸின் பதிவேட்டில் தேடும். நண்பரிடமிருந்து பென் டிரைவில் நகலெடுத்த விளையாட்டுக்கு அந்தப் பதிவு இருக்காது. அப்போதுதான் முறைப்படி மறுபடி இன்ஸ்டால் செய்வது உதவும்.

காணாமல்போன ஃபைலைத் தனியாக இலவசமாகத் தருவதாகச் சொல்லும் முன்பின் தெரியாத தளங்களை நம்பக் கூடாது. அந்தப் பெயரில் வைரஸ் வரலாம். நிர்வாகி உரிமையையும் கையில் கொடுத்த பிறகு அதைத் தடுப்பது கடினம். எடிட்டரின் அசல் இன்ஸ்டாலர், மைக்ரோசாஃப்டின் விஷுவல் பேசிக் 6 தொகுப்பு, அது ஒழுங்காக ஓடிய பழைய கம்ப்யூட்டர் - இந்த மூன்றில் ஒன்றிலிருந்து எடுப்பதே நல்லது.

இந்த எடிட்டர்களை எழுதியவர்கள் சம்பளம் வாங்கி எழுதியவர்கள் அல்ல. பலர் வேறு வேலைக்குப் போய்விட்டிருப்பார்கள்; பிழை வந்தால் கேட்க ஆள் இல்லை. எடிட்டர் ஓடும் கம்ப்யூட்டர் இன்று கைவசம் இருந்தால், எடிட்டர், அதற்கு வேண்டிய ஃபைல்கள், திருத்தாத அசல் வீரர் பட்டியல் மூன்றையும் ஒரே ஃபோல்டரில் நகலெடுத்து வைப்பது புத்திசாலித்தனம். பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட்ட பிறகு தேடினால் கிடைக்காது.